பூனை மேல் மதில்: உளறல் ஒருவருடையது, சிரிப்பு இன்னொருவருடையது

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு கட்சி, மாமா இன்னொரு கட்சி. சித்தப்பா பழைய உடன்பிறப்பு. மாமா எம்.ஜி.ஆர். காலத்து ரத்தத்தின் ரத்தம். மு.க. ஸ்டாலின் ‘மதில் மேல் பூனை’யை ‘பூனை மேல் மதில்’ என்று மாற்றிச் சொன்ன துண்டு வீடியோவை மாமா இதுவரை பத்துத் தடவையாவது போட்டிருப்பார். பதிலுக்கு எடப்பாடி பழனிசாமி கம்பராமாயணத்தைச் சேக்கிழார் கணக்கில் எழுதிய துண்டு சித்தப்பாவிடமிருந்து வந்துவிடும். கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் நாலைந்து.

நான் கவனித்தது ஒன்றைத்தான். தன் தலைவர் வீடியோ வரும்போது இருவரும் சொல்வது ஒரே வாக்கியம்: “வாய் தவறிடுச்சு, அதுக்கு இப்ப என்ன?” எதிர்த் தலைவர் வீடியோவுக்கும் இருவரிடமும் ஒரே வாக்கியம்தான்: “இவ்வளவுதான்யா இவரு அறிவு.”

இதை வெறும் கட்சி வெறி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். இன்னும் சிலர் ‘உளறினால் கேலி செய்யத்தான் செய்வார்கள், இதில் என்ன ஆராய்ச்சி’ என்கிறார்கள். ஆனால் ஒரு தலைவரின் வாயிலிருந்து வழுக்கிய ஒரு சொல் எப்படி ஊர் சிரிக்கும் உளறலாக மாறுகிறது என்பதற்குள் மொழியும் மனமும் சேர்ந்து செய்கிற வேலை நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாமியார் உடைத்தால் மண்குடம்

நம் பாட்டிகளுக்கு இது எப்போதோ தெரியும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். உடைந்தது என்னவோ அதே குடம்தான். யார் கையிலிருந்து விழுந்தது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

மாமியார் கையில் உடைந்தால் காரணம் வெளியே இருக்கும். தரை ஈரம், குடம் பழசு, கை வலி. மருமகள் கையில் உடைந்தால் காரணம் அவளுக்குள்ளேயே இருக்கும். கவனமில்லை, வளர்ப்பு சரியில்லை. நாம் தடுக்கினால் கல்லைத் திட்டுகிறோம், அடுத்தவன் தடுக்கினால் ‘கண்ணு எங்க இருக்கு’ என்கிறோம். பிறர் செய்வதற்குச் சூழலை விட்டுவிட்டு அவர்கள் குணத்தையே காரணமாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை உளவியலில் ‘காரணம் கற்பிப்பதில் வரும் பிழை’ என்ற பொருள் தரும் பெயரால் குறிக்கிறார்கள். லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-இல் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். இரண்டு வருடம் கழித்து தாமஸ் பெட்டிக்ரூ இதைக் கூட்டங்களுக்கும் விரித்துக் காட்டினார். என் கூட்டத்து ஆள் தவறு செய்தால் சூழல், எதிர்க் கூட்டத்து ஆள் செய்தால் சுபாவம்.

குடத்தை இங்கே வைத்துவிட்டு, அது எப்படிக் கையிலிருந்து நழுவுகிறது என்று பார்க்கலாம்.

வாய் எப்படித் தவறுகிறது

என் அம்மா ஒருநாள் கிளம்பும் அவசரத்தில் “ஃபேனை மூடிட்டு, கதவை அணைச்சிட்டு வா” என்றார். நானும் ஃபேனை அணைத்து, கதவை மூடிவிட்டு வந்தேன். இருவருக்குமே அதில் தவறு இருந்தது வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

நினைத்தது சரியாக இருந்தும் சொல்லும்போது சொல்லோ ஒலியோ இடம் மாறிவிடுவதற்கு நாப்பிசகு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதைச் சேகரித்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியா பல்கலைக்கழக மொழியியலாளர் விக்டோரியா ஃப்ராம்கின். 1971-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, நாப்பிசகு என்பது மூளை எப்படி வாக்கியம் கட்டுகிறது என்பதைக் காட்டும் ஜன்னல் என்றாகிவிட்டது.

அம்மா சொன்னதை மறுபடி பாருங்கள். வினை இருந்த இடத்தில் வினைதான் வந்திருக்கிறது. ‘ஃபேனை’, ‘கதவை’ இரண்டும் தத்தம் இடத்தில் வேற்றுமை உருபோடு அப்படியே இருக்கின்றன. ‘பூனை மேல் மதில்’ என்பதிலும் பெயர்ச்சொல்லும் பெயர்ச்சொல்லும்தான் இடம் மாறியிருக்கின்றன. ‘மேல்’ அசையவில்லை. அதாவது மூளை முதலில் காலியான பெட்டிகளை வரிசையாக வைத்துவிடுகிறது, அப்புறம் சொற்களை எடுத்து அவற்றில் போடுகிறது. பெட்டி சரி, இலக்கணமும் சரி, சரக்கு மட்டும் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டது. பழமொழி தெரியாதவருக்கு இந்தப் பிழை வராது. அதைத் தெரிந்து, சொல்ல வாய் திறந்தவருக்குத்தான் வரும்.

இன்னொரு விதமும் உண்டு. ஒரே அலமாரியில் அடுக்கி வைத்த பொருள்களில் ஒன்றுக்குப் பதில் பக்கத்தில் இருப்பது கைக்கு வருவது. மூத்த பையனைக் கூப்பிட நினைத்து இளையவன் பேரைச் சொல்லி, அப்புறம் நாய் பேரையும் சொல்லிவிட்டுத்தான் பல அம்மாக்கள் சரியான பேருக்கு வருகிறார்கள். கம்பரும் சேக்கிழாரும் நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரே அலமாரிக்காரர்கள். இருவருமே பெரிய காப்பியம் பாடியவர்கள். ஒருவரை எடுக்கப் போய் மற்றவர் கையில் வருவது அப்படியொன்றும் அதிசயமில்லை.

மூன்றாவது, எதுவுமே கைக்கு வராமல் போவது. 2011 நவம்பரில் அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கான விவாத மேடையில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, தான் பதவிக்கு வந்தால் மூன்று அரசுத் துறைகளை மூடுவேன் என்றார். இரண்டைச் சொல்லிவிட்டார். மூன்றாவது வரவே இல்லை. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தடுமாறி, கடைசியில் “ஊப்ஸ்” என்றார். அவர் மறந்த துறை எரிசக்தி. 2017-இல் டிரம்ப் அவரை எந்தத் துறைக்கு அமைச்சராக்கினார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

சாதாரணப் பேச்சில் ஆயிரம் சொல்லுக்கு ஒன்றோ இரண்டோ பிசகும் என்பது மொழியியலாளர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. தேர்தல் நேரத்தில் ஒரு தலைவர் ஒரு நாளில் எட்டு இடங்களில், இடத்துக்குக் கால் மணி நேரம், நிமிடத்துக்கு நூறு சொல் பேசுகிறார் என்று வையுங்கள். 12,000 சொல் ஆகிறது. அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு பிசகாவது விழும். தொண்டை கட்டியிருந்தால், தூக்கம் கெட்டிருந்தால் இன்னும் கூடும். நம்முடைய பன்னிரண்டும் சமையலறையோடு போய்விடுகிறது. அவருடையதை எட்டு கேமராக்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இதுவரை பார்த்ததில் மனதில் நிற்க வேண்டியது இவ்வளவுதான்: நாப்பிசகு எல்லாருக்கும் வரும், அது அறிவை அளக்கும் கோல் இல்லை. அதற்குக் காரணம் சொல்லும்போதுதான் நம் கட்சி உள்ளே வருகிறது.

எல்லா உளறலும் ஒன்றில்லை

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘உளறல்’ என்ற ஒரே சாக்குக்குள் நாம் பல சரக்கைப் போட்டுக் கட்டுகிறோம். நாப்பிசகு அதில் ஒன்று.

இன்னொன்று, யோசித்து, நம்பி, தெளிவாகவே சொன்ன தவறு. 2019 மே மாதம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பிரதமர் மோடி, பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானப்படை தாக்குதல் நடத்திய இரவில் வானிலை மோசமாக இருந்ததைப் பற்றிப் பேசினார். மேகம் இருந்தால் நம் விமானங்கள் ரேடாரிலிருந்து தப்பலாம் என்று தனக்குத் தோன்றியதாகச் சொன்னார். ரேடார் வேலை செய்வது வானொலி அலைகளால், அவை மேகத்தைத் துளைத்துப் போய்விடும். இதில் எந்தச் சொல்லும் இடம் மாறவில்லை. அவர் சொல்ல வந்ததே அதுதான். கட்சியின் ட்விட்டர் பக்கம் அந்தப் பேச்சைப் பெருமையாகப் போட்டுவிட்டு அப்புறம் நீக்கியது. இந்த மாதிரி விஷயத்தில் கேள்வி கேட்கவும் சிரிக்கவும் நியாயம் இருக்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் எதை நம்பி முடிவெடுக்கிறார் என்பது நம் எல்லாருக்குமான கவலை.

மூன்றாவது வகையில் தலைவர் உளறவே இல்லை. கத்தரிக்கோல் உளறியது. 2017 குஜராத் தேர்தல் நேரத்தில் ராகுல் காந்தி பேசிய ஒரு துண்டு நாடு முழுக்கச் சுற்றியது. ‘ஒரு இயந்திரம் வைப்பேன், இந்தப் பக்கம் உருளைக்கிழங்கைப் போட்டால் அந்தப் பக்கம் தங்கம் வரும்’ என்று அவரே வாக்குறுதி கொடுப்பது போல இருக்கும். முழுப் பேச்சில் அவர், மோடி விவசாயிகளிடம் இப்படிச் சொன்னார் என்று கேலியாகச் சொல்கிறார். ‘இது என் வார்த்தை இல்லை’ என்றும் சேர்த்துச் சொல்கிறார். மோடி அப்படிச் சொன்னாரா என்பது தனி விவகாரம். ஆனால் முன்னும் பின்னும் வெட்டியதும் அடுத்தவர் மேல் எறிந்த கல் அவர் தலையிலேயே விழுந்துவிட்டது. இந்தத் துண்டை நானும் ஒரு காலத்தில் நாலு பேருக்கு அனுப்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது அது ரொம்பச் சிரிப்பாக இருந்தது.

படம் முதலில், உளறல் அப்புறம்

ஒரு தலைவர் பேசும் ஆயிரம் பிசகில் ஏன் ஒன்று மட்டும் ஒட்டிக்கொள்கிறது? இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு.

1975 ஜூன் 1, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விமான நிலையம், மழை ஈரம். விமானப் படிக்கட்டில் இறங்கி வந்த ஃபோர்டு கால் வழுக்கி விழுந்தார். உடனே எழுந்துவிட்டார். ஆனால் அந்தப் படம் எழவே இல்லை, அப்படியே தங்கிவிட்டது. அந்த வருடமே தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் செவி சேஸ் என்ற நடிகர் ஃபோர்டாக வந்து மேசை நாற்காலியோடு உருண்டு விழுவதையே வழக்கமாக்கினார். இதில் வேடிக்கை, அதுவரை அமெரிக்கா கண்ட அதிபர்களில் நல்ல விளையாட்டு வீரர் என்று சொல்லத்தக்கவர் ஃபோர்டு. மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடியவர், தொழில்முறை அணிகள் இரண்டு அவரைக் கூப்பிட்டன. அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. தடுக்கி விழுகிறவர் என்ற படம் மாட்டியாகிவிட்டது. அதன் பிறகு அவர் எங்கே தலை இடித்தாலும், எங்கே கால் இடறினாலும் கேமரா அங்கே காத்திருந்தது.

இப்படி ஒருவரைப் பற்றி முன்கூட்டியே மனதில் மாட்டி வைத்த படத்துக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருந்தாததைக் கண்டும் காணாமல் விடுவதற்கு உறுதிப்படுத்தல் சார்பு என்று பெயர். சொந்தக்காரர்களில் ஒருவரை ‘கஞ்சன்’ என்று முடிவு கட்டிய பிறகு, அவர் மொய் எழுதிய 500 ரூபாய் நம் கண்ணில் படாது. பஸ்ஸில் மீதிச் சில்லறையை அவர் எண்ணி வாங்கியதுதான் படும்.

ஃபோர்டின் கதை அதோடு முடியவில்லை. 1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோவில் ஜிம்மி கார்ட்டரோடு இரண்டாவது விவாதம், வெளியுறவுதான் பொருள். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் எதுவும் இல்லை, என் ஆட்சியில் இருக்கவும் இருக்காது என்றார் ஃபோர்டு. போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா எல்லாம் சோவியத்தின் பிடியில் இருந்த காலம் அது. கேள்வி கேட்ட பத்திரிகையாளர் தன் காதையே நம்பாமல் திருப்பிக் கேட்டார். ஃபோர்டு விடாமல் அதையே வலியுறுத்தினார். அந்த மக்களின் மனதை சோவியத்தால் அடக்க முடியவில்லை என்று சொல்ல நினைத்திருக்கலாம். வாயில் வந்தது வேறு.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. அன்றிரவே விவாதம் முடிந்த கையோடு மக்களிடம் கேட்டபோது பெரும்பாலோருக்கு அந்த வாக்கியம் ஒரு பெரிய தவறாகப் படவே இல்லை. ஃபோர்டு நன்றாகப் பேசினார் என்று சொன்னவர்கள் நிறைய. மறுநாள் பூராவும் தொலைக்காட்சியும் பத்திரிகையும் அதையே திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, அதே விவாதத்தில் கார்ட்டர் தெளிவாக வென்றார் என்று கருத்து புரண்டது. அதே பேச்சு, அதே காது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் பேச்சு ஓடியிருந்தது. உளறல் விவாத மேடையில் பாதி பிறந்தது, மீதி மறுநாள் டீக்கடையில் பிறந்தது என்றுதான் நான் சொல்வேன்.

துணை அதிபர் டான் குவேல் விஷயமும் இந்த ரகம்தான். அனுபவமில்லாத சின்னப் பையன் என்ற படம் அவருக்கு 1988 தேர்தலிலேயே மாட்டப்பட்டிருந்தது. 1992 ஜூன் 15, நியூஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில் ஒரு பள்ளி. 12 வயதுப் பையன் கரும்பலகையில் ஆங்கிலத்தில் உருளைக்கிழங்கு என்பதைச் சரியாகவே எழுதினான். குவேல் அவனை மெல்லத் தட்டிக்கொடுத்து, கடைசியில் ஒரு ‘இ’ சேர்க்கச் சொன்னார். பையன் தயங்கித் தயங்கிச் சேர்த்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். குவேல் கையில் பள்ளிக்கூடம் கொடுத்த அட்டை இருந்தது, பிழை அந்த அட்டையிலேயே இருந்தது. தன் மூளையை விட்டு அட்டையை நம்பினார் என்ற அளவுக்கு அவர் மேலும் தவறு உண்டு. ஆனால் வேறு யாராவது அதே தவறைச் செய்திருந்தால் மாலைக்குள் மறந்திருப்பார்கள். உருளைக்கிழங்குக்கும் அரசியல்வாதிகளுக்கும் அப்படி என்ன பகையோ.

ஒரே ஆட்டம், இரண்டு கண்

1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். முரட்டு ஆட்டம். ஒரு பக்கம் மூக்கு உடைந்தது, மறுபக்கம் கால் உடைந்தது. ஆட்டம் முடிந்த பிறகும் சண்டை ஓயவில்லை. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகள் அந்தக் கல்லூரி மாணவர் கண்ணுக்குச் சராசரியாக 4.3. பிரின்ஸ்டன் மாணவர் கண்ணுக்கு 9.8.

யாரும் பொய் சொல்லவில்லை. திரையில் ஓடியது ஒரே படச்சுருள். அவரவர் கண் எதை எண்ணத் தகுந்தது என்று எடுத்ததோ அதை எண்ணினார்கள். நம் மாமாவும் சித்தப்பாவும் நடிக்கவில்லை என்பதற்கு எனக்கு இதுவே போதும். மாமாவுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது.

சொல்லாததைச் சொன்னதாக

கேலியின் அடுத்த கட்டம் இன்னும் விசித்திரம். நகல் அசலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

2008-இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், “என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்” என்று சொன்னதாகப் பலர் இன்றும் சத்தியம் செய்வார்கள். சொன்னது டீனா ஃபே என்ற நகைச்சுவை நடிகை, பேலின் வேடத்தில், அதே சாட்டர்டே நைட் லைவ் மேடையில். பேலின் பேட்டியில் சொன்னது, அலாஸ்காவின் ஒரு தீவில் நின்று பார்த்தால் ரஷ்ய மண் தெரியும் என்பது. அது உண்மைதான். லிட்டில் டயமீட் தீவுக்கும் ரஷ்யாவின் பிக் டயமீட் தீவுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் கடல்தான். வெளியுறவு அனுபவத்துக்கு அதைச் சான்றாகக் காட்டியது பலவீனமான பதில் என்பது வேறு. அந்தப் பலவீனத்தை அலசியவர்கள் குறைவு, இல்லாத வாக்கியத்துக்குச் சிரித்தவர்கள்தான் அதிகம்.

எதிர்முகாமிலும் இதே கதை. ஜனநாயகக் கட்சியின் அல் கோர் “இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தேன்” என்றார் என்பது 2000 தேர்தலில் ஓயாத நக்கல். 1999 பேட்டியில் அவர் சொன்னது, நாடாளுமன்றத்தில் இருந்தபோது இன்டர்நெட்டை உருவாக்க முன்முயற்சி எடுத்தேன் என்று. கொஞ்சம் மார்தட்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான 1991 சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். இன்டர்நெட்டின் அடிப்படை நெறிமுறையை வடித்த வின்ட் செர்ஃப், பாப் கான் இருவருமே அவருக்கு ஆதரவாக எழுதினார்கள். நக்கலுக்கு முன்னால் எடுபடவில்லை.

ஆக, வாய் ஒன்றைச் சொல்கிறது. மனதில் உள்ள படம் அதைப் பொறுக்கி எடுக்கிறது. துண்டாக்கியும் திருத்தியும் திரும்பச் சொல்லியும் கூட்டம் அதை முழு உளறலாக்குகிறது.

தெர்மாகோல்

இனி நம் ஊருக்கு வருவோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. அடுத்த கோடையில் வைகை அணையில் நீர் அடிமட்டத்துக்குப் போய், மதுரைக்குக் குடிநீர் பெரிய கவலையானது. 2017 ஏப்ரலில் அமைச்சர் செல்லூர் ராஜு, அதிகாரிகளோடு போய், நீர் ஆவியாவதைத் தடுக்க தெர்மாகோல் அட்டைகளை அணையில் மிதக்கவிட்டார். டேப் போட்டு ஒட்டிய வெள்ளை அட்டைகள். அவர்கள் கிளம்பவில்லை, காற்று வந்துவிட்டது. அட்டைகள் எல்லாம் கரை ஒதுங்கின. அடுத்த இரண்டு நாள் தமிழ்நாட்டில் வேறு பேச்சே இல்லை. அன்று ஒட்டிய ‘தெர்மாகோல்’ பட்டம் அவரை விட்டு இன்றும் போகவில்லை.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். கொஞ்ச நாள் கழித்து வேறொன்றைப் படித்தேன். 2015 ஆகஸ்டில், அதாவது நம் தெர்மாகோலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் முந்தி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி மூடியது. வெயில் பட்டு நீரில் உண்டாகும் ஒரு கெட்ட ரசாயனத்தைத் தடுப்பது முதல் நோக்கம், ஆவியாவதைக் குறைப்பது கூடுதல் லாபம். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் அடைத்து எடை கூட்டியிருந்தார்கள்.

அப்படியென்றால் நீரை மூடி வைப்பது என்ற யோசனை முட்டாள்தனமில்லை. எடையில்லாத அட்டையை, காற்று வீசும் விரிந்த அணையில், சின்ன குளத்தில்கூடச் சோதித்துப் பார்க்காமல் விட்டதுதான் கோளாறு. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் இருந்தன. இதைப் பரிந்துரைத்த பொறியாளர்கள் யார்? அவர்கள் சோதித்தார்களா? 10 லட்சம் ரூபாய் என்று செய்திகளில் வந்ததே, அது எதற்கெல்லாம் போனது? அமைச்சரை ‘விஞ்ஞானி’ என்று கூப்பிட்டுச் சிரித்த சத்தத்தில் இவை யார் காதிலும் விழவில்லை. கேலி அவரைத் தண்டித்தது என்று நினைத்தோம். ஒரு வகையில் அது அவரைப் பதில் சொல்லும் வேலையிலிருந்து விடுவித்துவிட்டது.

தண்டித்ததும்கூட சந்தேகம்தான். 2021 தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது, மதுரை மேற்குத் தொகுதியில் அவர் மறுபடி ஜெயித்தார். மீம் பார்த்துச் சிரித்தவர்கள் பெரும்பாலும் முன்பே அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள். எதிர்த் தலைவரைக் கேலி செய்யும் வீடியோ எதிர்க்கட்சிக்காரன் மனதை மாற்றுவது அபூர்வம். அது வேலை செய்வது நம் முகாமுக்குள். நாம் எல்லாரும் ஒரே பக்கம் என்று சேர்ந்து சிரித்துக் காட்டிக்கொள்வதற்கு. கோயில் திருவிழாவில் ஒரே நிறத்தில் சட்டை எடுப்பது மாதிரி.

அப்போ கேலியே கூடாதா?

அப்படிச் சொல்ல வரவில்லை. அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்க முடியாத ஊர் எப்படி இருக்கும் என்று நமக்குக் கொஞ்சம் தெரியும். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் விடுதலையானார். பிறகு வழக்குப் போட்டு வென்று, 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார்.

அந்தத் துணுக்கையும் நம் குழு வீடியோக்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விகடன் கேலி யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் குத்தும். நம்முடையது ஆளைப் பார்த்துக் குத்துகிறது, நாற்காலியை விட்டுவிடுகிறது.

பேரை மாற்றிப் பார்ப்பது

இப்போதெல்லாம் ஒரு வீடியோ வந்தால் நான் மூன்று காரியம் செய்ய முயல்கிறேன், பெரும்பாலும் சோம்பலில் ஒன்றோடு நிறுத்திவிடுகிறேன். முன்னும் பின்னும் அரை நிமிடம் தேடிப் பார்ப்பது. சொல் இடம் மாறியதா, நம்பியே சொன்னதா என்று பிரிப்பது. கடைசியாக, அதே வாக்கியத்தை எனக்குப் பிடித்த தலைவர் வாயில் வைத்துப் பார்ப்பது. அப்போதும் கோபம் வந்தால் விஷயம் இருக்கிறது. ‘பாவம், தூக்கமில்லாமல் பேசியிருப்பார்’ என்று தோன்றினால், குடம் மண்ணா பொன்னா என்று நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

போன வாரம் மாமா ஒரு பதினோரு நொடித் துண்டு போட்டார். “மாமா, முழு வீடியோ இருக்கா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. அப்புறம் வந்தது: “முந்தாநேத்து நீ போட்டியே ஒண்ணு, அதுக்கு முழுசு இருக்கா மாப்ளே?”

தேடிக்கொண்டிருக்கிறேன்.